எந்த உப்பு?

இப்படி உட்கார்ந்து எழுதுவதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் செய்கிற வேலை. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரம் குன்னூரை விட்டுக் கிளம்புகிறேன். மைசூரில் மேற்படிப்பு. பெட்டி பாதி கட்டியபடி கிடக்கிறது. கட்டி முடிக்க உட்கார்ந்தால் என் வேலைக்கு வரப்போகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது நினைவுக்கு வந்து எழுந்துவிடுகிறேன். எழுதிவிட்டால் நிம்மதியாகப் போகலாம்.

டேங்கை எப்படிக் கழுவுவது, பம்பை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். ஒட்டிவைக்க முடியாத ஒரு பகல் இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் உப்பைப் பற்றிக் கொஞ்சம். நம் வேலை பீட்ரூட்டிலிருந்து சாப்பாட்டு நிறம் எடுப்பது. பீட்ரூட் சாற்றில் சிவப்பும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. ஐஸ்கிரீம்காரருக்குச் சிவப்பு மட்டும் வேண்டும். நாம் சாற்றில் பெக் என்கிற பாலிமரைக் கரைக்கிறோம். அதுவரை எல்லாம் ஒரே திரவமாகத்தான் நிற்கும். பிறகு அமோனியம் சல்பேட்டைப் போடுகிறோம். சல்பேட்டுக்குத் தண்ணீர்மேல் அத்தனை ஆசை. இருக்கிற தண்ணீரையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பாலிமருக்குத் தண்ணீர் பற்றாமல் போய், அது தனியாக ஒதுங்கி மேலே ஏறும். கீழே உப்புத் தண்ணீர், மேலே பாலிமர்த் தண்ணீர். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, இரண்டும் தண்ணீர்தான், ஆனாலும் நடுவில் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். சிவப்பு மேலே போய்விடும், சர்க்கரை கீழே தங்கிவிடும். காலையில் லேம்ஸ் ராக் பக்கம் போய் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் படுத்துக் கிடக்கும், அதற்கு மேலே சுத்தமான வெயில் அடிக்கும். டேங்கின் கண்ணாடி வழியாக அந்தக் கோட்டை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அதுதான் தோன்றியது.

எல்லா உப்பும் இப்படிச் சண்டை மூட்டாது. சமையல் உப்பு இருக்கிறதே, சோடியம் குளோரைடு, அது ரொம்பச் சமாதானமான ஆள். யாரையும் விரட்டாது. அதை மட்டும் போட்டால் நம் அளவுகளில் டேங்க் பிரியவே பிரியாது. பிரிந்து நிற்கிற டேங்கில் போட்டால் மேலே பாதி கீழே பாதி என்று இரண்டு பக்கமும் உறவு கொண்டாடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

குளிரைப் பற்றியும் ஒன்று. இந்த முறையை நம் மேடம் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்தபோது சல்பேட்டில் வேறொரு வகை, சோடியம் சல்பேட், போட்டுக்கொண்டிருந்தார். கீழே வெயிலில் அது ஒழுங்காகக் கரைந்திருந்தது. இங்கே ஒரு ஜனவரிக் காலையில் வந்து பார்த்தால் டேங்கின் அடியில் கண்ணாடிச் சில்லுச் சில்லாகப் படிந்து, வால்வு அடைத்துவிட்டது. குளிரில் அந்த உப்பு கரைசலில் நிற்க மாட்டேன் என்று படிகமாகிவிட்டது. “கோயமுத்தூர்க்காரி நானே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டேன். இதுக்கு மட்டும் குளிராதா?” என்று மேடம் சிரித்துவிட்டு, உப்பை மாற்றினார். அன்றிலிருந்து டேங்கில் எது நடந்தாலும் எனக்கு முதல் சந்தேகம் குளிர்மேல்தான். அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பாருங்கள்.

சுகந்தி தேவாலாக்காரி. எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவள். நான் பந்தலூர். இரண்டு குடும்பமும் சிலோனிலிருந்து திரும்பி வந்தவைதான், அதனால் வந்த முதல் நாளிலேயே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பேக்கிங்கில் சேர்ந்து, அங்கிருந்து டேங்க் பக்கம் வந்து, தற்காலிகமாக ஓடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வு பெறுகிற நேரம். லைன் வீடு அவர்களிடம் இருக்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது ஒருவர் எஸ்டேட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போக வேண்டும். பிள்ளை அவள் ஒருத்திதான். மேடம் அவளிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: இந்த ஐஸ்கிரீம் பேட்ச் நல்லபடியாக வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி. நிரந்தரமானால் வாடகைக்கு வீடு பார்த்து அம்மாவை அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கூடையை மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். பி.எஸ்சி. படித்த பெண்.

அன்று காலையிலிருந்து விடாத மழை. மேடம் மேட்டுப்பாளையம் போயிருந்தார், ஐஸ்கிரீம் கம்பெனிக்காரரை நேரில் அழைத்துவர. சாறு பிழிந்து, வடிகட்டி, பெக்கையும் கரைத்தாயிற்று. நான் பக்கத்து அறையில் வடிகட்டித் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மேடம் போன் செய்தார். சுகந்தி எடுத்தாள். “உப்பக் கொட்டி ஓட்டி விட்டுருங்கம்மா. நாங்க வர்றதுக்குள்ள பிரிஞ்சு நிக்கோணும்” என்றார். எப்போதும் உப்புப் போடுகிறவள் நான், அன்று சுகந்தியே கொட்டினாள், கலக்கினாள், மோட்டாரை நிறுத்தினாள். நான் வந்து கண்ணாடிமுன் நின்றேன்.

கோடு விழவில்லை.

கொஞ்ச நேரம் ஆகும்தான். ஆனால் கலங்கலாவது வர வேண்டும். பிரியப்போகிற டேங்க் முதலில் பால் விட்ட டீ மாதிரி மங்கும். இது மங்கவே இல்லை. பளிச்சென்று, நல்ல சிவப்பாக, ஒரே திரவமாக நின்றது. எனக்குச் சும்மா நிற்க முடியாது, என் சுபாவம் அது. டேங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் தட்டினேன்.

“உப்புப் போட்டியா புள்ள?”

“போட்டேன்கா. முழுசாத்தான் போட்டேன்.”

“அளவு?”

“சுவத்துல ‘உப்பு’ன்னு எழுதியிருக்கற அளவுதான். ரெண்டு வாட்டி பாத்தேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. நான் நம்பினேன். அப்படியென்றால் குளிர். நம் டேங்க் சூடேறினால் சுலபமாகப் பிரியும், குளிர்ந்தால் தயங்கும். மழை நாள், இரும்புக் கூரை, பழைய டீ பேக்டரியில் கொழுந்து வாட்டிய மாடி, இதற்கு மேல் என்ன குளிர் வேண்டும்? சுற்று உறையில் கொஞ்சம் நீராவி விட்டால் பிரிந்துவிடும். கை ஸ்டீம் வால்வுக்குப் போய்விட்டது.

ஆனால் பீட்ரூட் சிவப்புக்குச் சூடு ஆகாது. சூடு பட்டால் சிவப்பு செத்துப் பழுப்பாகிவிடும். செத்த சிவப்பைத் திருப்பிக் கொண்டுவர எந்த உப்பாலும் முடியாது. இந்த டேங்க் பழுப்பானால் சுகந்திக்கு இன்னொரு டேங்க் கிடையாது. வால்வு கைக்குள் சில்லென்று இருந்தது. திருப்பினால் ஏதோ செய்த மாதிரி இருக்கும். எதுவும் செய்யாமல் நிற்பதுதான் எனக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியம்.

“என்னாக்கா, தொறக்கலியா?” என்றாள் சுகந்தி.

“இரு. அந்த பிளாஸ்க்கக் கொண்டா. டீ வாங்கியாந்தமே, அது.”

டேங்கிலிருந்து ஒரு டெஸ்ட் டியூபில் பிடித்தேன். டம்ளரில் சூடான டீயை ஊற்றி அதற்குள் டியூபை நிறுத்தினேன். பிரச்சினை குளிர் என்றால் டியூபுக்குள் பிரிய வேண்டும். டீ ஆறியது. டியூப் அப்படியே நின்றது. அதில் பிடித்த சிவப்பு மட்டும் லேசாக வாடியிருந்தது. அதைப் பார்த்த பிறகு வால்வு இருக்கும் பக்கமே நான் போகவில்லை.

இன்னொரு டியூப். இந்த முறை மேசைமேல் இருந்த பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை அமோனியம் சல்பேட் போட்டுக் குலுக்கினேன். மங்கவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சட்டென்று டியூப் முழுக்கப் பால் விட்ட டீ. மேசையில் நிறுத்தினேன். இரண்டு பேரும் முகத்தை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடியிலிருந்து தெளிவு மெல்ல ஏறியது. மேலே சிவப்பு இறுகியது. நடுவில் கோடு.

டேங்கில் சல்பேட்டே இல்லை.

“சுகந்தி. என்ன போட்ட?”

“உப்புக்கா.”

“எந்த உப்பு?”

அவள் ஸ்டோர் பக்கம் கையை நீட்டினாள். கதவுக்குப் பக்கத்தில் சமையல் உப்பு மூட்டை வாயைத் திறந்துகொண்டு நின்றது. தண்ணீர் மென்மையாக்கும் கருவிக்காக வாங்கிப் போட்டது.

“அமோனியம் சல்பேட் மூட்டை அதுக்குப் பின்னாடிதானே இருக்கு? கண்ணுல படலையா?”

“பட்டுச்சுக்கா. அது உரம்.”

“என்னது?”

“உரம்கா. எங்கப்பா எஸ்டேட்ல உர கேங்ல இருந்தாரு. ‘உப்பு வெக்கப் போறேன்’னுதான் சொல்லிட்டுப் போவாரு. தேயிலை மூட்டுல அள்ளி வீசற சாமான் இது. மூட்டையப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. பிள்ளைங்க திங்கற ஐஸ்கிரீம்ல போயி உரத்தக் கொட்டுவாங்களா? அதான் திங்கற உப்ப எடுத்தேன்.”

என்னால் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. அவள் வீட்டில் உப்பு என்றாலே சல்பேட்தான். யோசிக்காமல் அப்பாவின் பேச்சுப்படி எடுத்திருந்தால் சரியாக எடுத்திருப்பாள். யோசித்ததால்தான் தப்பாக எடுத்தாள். உணவில் சேர்க்கிற தரத்தில் சுத்தம் செய்த மூட்டை அது, சல்பேட் கீழே தங்கிவிடும், மேலே வருவது மிகக் கொஞ்சம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நாங்கள் எல்லோரும் வாயைத் திறந்தால் உப்பு, உப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“இப்ப என்னாக்கா பண்றது?”

“கொட்டு. உங்கப்பா உப்பக் கொட்டு.”

கொட்டினோம். கலக்கினோம். இந்த முறை கண்ணாடி மங்கியது. மோட்டாரை நிறுத்தி நின்றோம்.  கோடு விழுந்தது. மேலே நின்ற சிவப்பு மாதிரி அழகான சிவப்பை நான் அந்த மாடியில் அதற்கு முன் பார்த்ததில்லை. சுகந்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். “அக்கா, இனி ஆறிப்போன டீயக் குடிக்கலாமா?” என்றாள்.

டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டேன். டியூப் நின்ற டம்ளர். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். டேங்க் பிரிந்துவிட்டது, நிறம் அருமை, கம்பெனிக்காரர் வந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் சமையல் உப்பைக் கொட்டியது கொட்டியதுதானே. அது எங்கே போயிருக்கும்? சல்பேட் என்றால் கீழே தங்கிவிடும், நம்பலாம். குளோரைடு இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிற ஆள். மேலே நிற்கிற அந்த அழகான சிவப்புக்குள் அது நிச்சயம் உட்கார்ந்திருக்கும்.

வழக்கமான பேட்ச் ஒன்றின் மிச்சம் அலமாரியில் இருந்தது. அதிலும் இதிலும் தண்ணீர் கலந்து, இரண்டு டியூபிலும் குளோரைடைக் காட்டிக்கொடுக்கிற சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். பழையதில் புகை மாதிரி லேசாக ஏதோ வந்தது. பீட்ரூட்டிலேயே கொஞ்சம் குளோரைடு உண்டு. புதியதில் தயிர் மாதிரி கட்டி கட்டியாக விழுந்தது.

சுகந்தி இரண்டு டியூபையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதப் போட்டா ஐஸ்கிரீம் உப்புக் கரிக்குமாக்கா?”

“கரிக்கும்.”

“கொஞ்சமாத்தானே ஊத்துவாங்க? தெரியுமா என்ன?”

 அவள் பதிலுக்காகக் கேட்கவில்லை. உப்பைத் தனியாக வடிக்கிற சவ்வு நம்மிடம் இல்லை. ஒரே வழிதான் இருந்தது. கீழ் அடுக்கை வெளியே விட்டுவிட்டு, மேலே நிற்கும் சிவப்போடு புதிய சல்பேட் கரைசலைச் சேர்த்துத் திரும்பப் பிரிக்க வேண்டும். குளோரைடு தன் குணப்படி மறுபடியும் இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும். அப்போது ஒரு பங்கு கீழே போகும். இன்னொரு தடவை செய்தால் இன்னொரு பங்கு போகும். அதன் நல்ல குணத்தை வைத்தே அதை வெளியேற்ற வேண்டும். டியூபில் செய்து பார்த்தேன், தயிர் குறைந்து புகையாகிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சிவப்பிலும் கொஞ்சம் கீழே கசிந்து போகும். சரக்கு குறையும். ஏன் குறைந்தது என்று மேடம் கேட்பார்.

சொல்லாமல் அனுப்பினால் இன்றைக்குச் சுகந்தி நிரந்தரம். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது. சாறு சரியில்லை, அதனால்தான் குறைந்தது என்று நான் சொல்லிவிடலாமா? எனக்கு வாய் வேகம், பொய்யும் வேகமாகவே வரும். மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தேன்.

போன் அடித்தது. மேடம்.

“ஏம்மா, பிரிஞ்சுதா?” இரண்டு பக்கமும் ஸ்பீக்கரில்தான் பேசினோம். பின்னால் காரின் வைப்பர் சத்தம் கேட்டது. “சார் பக்கத்துலதான் இருக்காரு. அவருக்கும் கேக்கட்டும், சொல்லு.”

நான் வாயைத் திறந்தேன். சுகந்தி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“மேடம், சுகந்தி பேசுறேன். பிரிஞ்சிருச்சுங்க மேடம். ஆனா நா மொதல்ல சாப்பாட்டு உப்பப் போட்டுட்டேன். அதுக்கப்புறந்தான் சரியான உப்பப் போட்டோம். இப்ப கலர்ல அந்த உப்பு இருக்கு.”

வைப்பர் சத்தம் மட்டும். மழை எங்கள் கூரையிலும் அவர்கள் கூரையிலும்.

“நான் என்னம்மா சொன்னேன் உங்கிட்ட?” மேடத்தின் குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

“உப்பக் கொட்டச் சொன்னீங்க மேடம்.”

“எந்த உப்புன்னு சொன்னனா?”

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“இல்லீங்க மேடம். நானும் கேக்கல.”

 அப்போது இன்னொரு குரல். கம்பெனிக்காரர்.

“ஏனுங்க, உப்பு ஐஸ்கிரீமுங்களா? நம்மூர்ல விக்காதுங்களே. மோரா இருந்தாலும் பரவால்லீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார். பிறகு, “அவசரப்படாதீங்க. பர்லியார்கிட்ட மண்ணு சரிஞ்சு கெடக்குது. முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி. இன்னைக்கு எங்க மேல வாரது? நாளைக்கு வந்து பாக்கறனுங்க” என்றார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து எதற்காக ஓடிக்கொண்டிருந்தோமோ, அந்த ஆள் பாதி மலையில் மாட்டிக்கொண்டு மோர் ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை நேரமும் எங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

“கழுவ முடியுமா?” என்றார் மேடம்.

“முடியும் மேடம். டியூப்ல பாத்துட்டோம். சரக்கு கொறையும்” என்றேன்.

“கொறையட்டும். சில்வர் நைட்ரேட்ல பழைய பேட்ச் மாதிரி வர்ற வரைக்கும் கழுவுங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “சுகந்தி” என்றார்.

“மேடம்.”

“நாளைக்குப் பேசிக்கலாம்.”

இந்த நான்கு எழுத்து ‘நாளைக்கு’ எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.  கழுவினோம். பிரித்தோம். திரும்பக் கழுவினோம். ஒவ்வொரு தடவை கீழ் அடுக்கை வெளியே விடும்போதும் அதில் ஓடுகிற இளஞ்சிவப்பைப் பார்த்துச் சுகந்தி, “போகுதேக்கா” என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். கடைசியில் மேலே நின்றது குறைவுதான். சில்வர் நைட்ரேட்டில் புகை மட்டும் வந்தது.

மறுநாள் கம்பெனிக்காரர் வந்தார். பாலிமரைப் பிரித்து எடுத்த சிவப்பை, தான் கொண்டுவந்திருந்த வெள்ளை ஐஸ்கிரீமில் கலந்தார். அந்தக் குளிரில், மழையில், எல்லோருக்கும் ஒரு கரண்டி. நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். சுகந்தி கரண்டியைக் கையில் பிடித்தபடி சாப்பிடாமல் நின்றாள். “உப்பு இல்லீங்க” என்றார் அவர். பிறகு மேடத்தைப் பார்த்து, “நேத்து போன்ல பேசுன பொண்ணு எது?” என்று கேட்டார். மேடம் காட்டினார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இரண்டாவது கரண்டிக்குப் போனார்.

மேடம் சுகந்தியிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அந்த வாரமே ஸ்டோரில் இரண்டு மூட்டைகளும் வேறு வேறு மூலைக்குப் போயின. நம் மாடியில் ‘உப்பு’ என்று தனியாகச் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டமும் வந்தது. சல்பேட் என்று சொல்ல வேண்டும், குளோரைடு என்று சொல்ல வேண்டும். முதலில் சட்டத்தை மீறி மாட்டிக்கொண்டவர் மேடம்தான்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உங்களுக்கு என்னைவிட வேகமான கைகள் இருக்கலாம். டேங்க் முன்னால் நிற்கும்போது கை பரபரக்கும். பரபரக்கட்டும், அதற்கு ஒரு டியூபைக் கொடுங்கள், வால்வைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்த வார்த்தையைத்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். தெரியாத வார்த்தை என்றால் நாமே கேட்டுவிடுவோம்.

சுகந்தியின் அம்மா லைன் வீட்டைக் காலி செய்துவிட்டார். அதில் அவருக்கு வருத்தம்தான், தோட்டத்தில் வைத்திருந்த ரோஜாவைப் பிடுங்கிக்கொண்டு வந்து வாடகை வீட்டின் வாசலில் டப்பாவில் வைத்திருக்கிறார். எஸ்டேட்டில் யாரும் பேர் கொடுக்கவில்லை.

நீங்கள் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறீர்கள். மதியம் கேன்டீனில் சாம்பாரில் நிச்சயம் உப்பு குறையும், அது நம் கேன்டீனின் வழக்கம். பக்கத்தில் இருப்பவரிடம் “உப்புக் குடுங்க” என்று கேளுங்கள். மூன்று மேசை தள்ளி, சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், ஒருத்தி “எந்த உப்பு?” என்பாள்.

அவளிடம்தான் நீங்கள் வேலை கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்.